கீழ்வரிசையின் நீலப் புள்ளிகள்

சிப்பிகளுக்கு நீலமும் ரோஸும் பூசவே கூடாத ஆள் என்று உலகத்தில் ஒருத்தி உண்டென்றால் அது அவள்தான். பூசியதும் அவள்தான். யாரும் தூண்டிவிடவில்லை, மேலிடத்து உத்தரவும் இல்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை, கடல் நன்றாக உள்வாங்கியிருந்த நேரம், பாறையில் முழங்காலிட்டு, நாக்கை உதட்டோரம் துருத்திக்கொண்டு, முந்நூறு சிப்பிகளுக்கு ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தாள். ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு ரோஸ்.

வைத்தவள் ஒரு திருநங்கை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் இந்தக் கதையில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை.

கடற்கரை ஆய்வு நிலையத்தில் அவள் கணக்கெடுக்கும் வேலையில் இருந்தாள். பெயரை மாற்றுவதற்காகப் பதிவு அலுவலகத்துக்குப் பதினொரு முறை ஏறி இறங்கியவள். அவ்வளவு பாடுபட்டு வாங்கிய பெயரை நிலையத்தில் ஒருவர்கூடச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாட்ச்மேனிலிருந்து தலைமை அதிகாரி வரை எல்லோருக்கும் அவள் சிப்பிக்காரி. இந்தப் பெயருக்கு எந்த அலுவலகத்திலும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை என்பதால் அவளும் ஏற்றுக்கொண்டாள்.

அந்தச் சிப்பி பார்ப்பதற்கு ஒன்றும் அழகில்லை. ஒற்றை ஓடு, சின்னக் கூம்புத் தொப்பியைப் பாறையில் கவிழ்த்து வைத்ததுபோல இருக்கும். தண்ணீர் ஏறும்போது மெல்ல நகர்ந்து பாசியைச் சுரண்டித் தின்னும். இறங்குவதற்குள் பழைய இடத்துக்கே வந்து ஒட்டிக்கொள்ளும். அந்த வகைக்கு ஒரு விசேஷம் உண்டு. எல்லாமே ஆணாகத்தான் வாழ்க்கையைத் தொடங்கும். சில ஆண்டுகள் தின்று பெருத்த பிறகு பெண்ணாகிவிடும்; முட்டையிடும்.

கல்லூரியில் இதைப் படித்த நாளிலிருந்து சிப்பிக்காரி அதை விடவில்லை. வழக்குக்குப் போகிறவன் சாட்சியைத் தேடிப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குத் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டிய நாள் வந்தபோது, அக்காவுக்குப் பதினெட்டுப் பக்கம் கடிதம் எழுதினாள். அதில் பன்னிரண்டு பக்கம் கடல் உயிரினங்கள், மூன்று படங்கள், ஒன்றில் அம்புக்குறிகூட உண்டு. அக்காவிடமிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. "நீ நல்லா இருந்தா சரி. எனக்கு எதுக்கு சிப்பியைப் பத்தி இவ்வளவு?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஆண்டுக்கொரு முறை நிலையம் பொதுமக்களுக்கு நடத்தும் பாறை நடையில், கடைசிப் பத்து நிமிடம் அவளுக்கு. ஆணாயிருந்து பெண்ணாகும் மீன், பெண்ணாயிருந்து ஆணாகும் மீன், இரண்டுமாயிருக்கும் நத்தை என்று வரிசையாகச் சொல்லி, "இயற்கை எங்க பக்கம்தாங்க" என்று முடிப்பாள். கைதட்டுவார்கள். வந்தவர்களில் ஒருவராவது, சிப்பியைப் பார்த்த அதே கண்ணால் அவளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். காட்சிப்பொருளும் நானே, காட்டுகிறவளும் நானே, டிக்கெட் கிழிப்பதுதான் பாக்கி என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

ஒருமுறை அவளுடைய துணை அந்த நடைக்கு வந்திருந்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். ஒன்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். எல்லாம் முடிந்ததும் கிரேன்காரி சொன்னாள்: "நல்லாத்தான் பேசுற. ஆனா சாட்சின்னு கூட்டிட்டு வந்த சிப்பி கூண்டுல ஏறி ஒரு வார்த்தை பேசலயேடி."

"உனக்கு விஞ்ஞானம் புரியாது."

"எனக்கு நீ புரிஞ்சா போதும். அதுக்கு எதுக்கு நத்தை?"

நகப்பூச்சு விஷயத்துக்கு வருவோம். சிப்பி ஓட்டில் உப்புத் தண்ணீரைத் தாங்கி நிற்க நகப்பூச்சைவிட நல்லது கிடையாது. இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் பலரும் அதைத்தான் பூசுவார்கள். மாணவனாக, மீசையோடு, அவள் வாழ்க்கையின் முதல் நகப்பூச்சுப் புட்டியை வாங்கியது அப்படித்தான். "யாருக்குப்பா?" என்று கடைக்காரம்மா கேட்டாள். "சிப்பிக்கு" என்றான் அந்த மாணவன். உண்மையைச் சொல்லும்போது காது மடல் அப்படிச் சிவந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இவ்வளவு பின்னணி உள்ளவள், ஐந்து ஆண்டு ஆய்வு ஒன்றைத் தொடங்கும்போது என்ன செய்திருக்க வேண்டும்? எல்லாவற்றுக்கும் வெள்ளைப் புள்ளி வைத்து எண் மட்டும் போட்டிருக்க வேண்டும். பையில் இரண்டு புட்டிகள் இருந்தன. ஊசியால் சிப்பியின் உடம்பிலிருந்து ஒரு துளி எடுத்துப் பார்த்து, ஆண் என்று தெரிந்ததும் கை நீலத்துக்குப் போனது. பெண் என்றதும் ரோஸுக்குப் போனது. கைக்கு யாரோ எப்போதோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஓர் அடையாளம் என்றால் மாறக் கூடாது. ஆகவே மாறப்போவது நிச்சயம் என்று தெரிந்த ஒன்றின் மேல் அதை வைத்தாள். பருவத்துக்குப் பருவம் மங்கிய புள்ளிக்கு அதே நிறத்தை மறுபடி பூசி, கெட்டிப்படுத்தியும் வந்தாள்.

இதனால் ஆய்வு கெடவில்லை. ஒவ்வொரு சிப்பிக்கும் ஓட்டில் ஒரு குட்டி எண்ணும் பதிவேட்டில் ஒரு வரியும் உண்டு. ஆண்டுதோறும் இனப்பெருக்கப் பருவத்தில் துளி எடுத்துப் பார்த்து, அந்த ஆண்டு ஆணா பெண்ணா என்று எழுதிவிடுவாள். பதிவேட்டைப் புரட்டினால் எல்லாம் தெளிவு. பாறையைப் பார்த்தால்தான் வம்பு.

பாறையைத்தான் பார்த்தார்கள்.

கரைப் பணி வாரியம் அங்கே கடல் தடுப்புச் சுவர் கட்டத் திட்டம் போட்டிருந்தது. சுவர் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பின்னால் இருக்கும் தெருவுக்குள் கடல் இரண்டு முறை வந்துவிட்டுப் போயிருந்தது. கேள்வியெல்லாம் நான்கு மீட்டர் பற்றியது. வாரியத்தின் வரைபடப்படி பெருங்கற்கள் பாறைத் திட்டின் கீழ்வரிசையை மூடும். சுவரை நான்கு மீட்டர் உள்ளே தள்ளினால் கீழ்வரிசை தப்பும். ஆனால் மேலே வரப்போகும் வண்டி நிறுத்துமிடம் போய்விடும்.

கீழ்வரிசை போனால் என்ன? அங்கேதான் தண்ணீர் நெடுநேரம் நிற்கிறது, பாசி நிறைய வளர்கிறது, சிப்பி பெருக்கிறது. மேல்வரிசையில் காய்ந்து கருகி, சின்னதாகவே இருந்து, பெரும்பாலும் ஆணாகவே செத்துப்போகும். முட்டை என்று ஒன்று வருவது கீழேயிருந்துதான். அதை மூடிவிட்டால் மேலே இருக்கும் ஆண்கள் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சில ஆண்டுகளில் திட்டு முழுக்கச் சிப்பி இல்லாத பாசிக்காடு. சிப்பிக்காரியின் ஐந்தாண்டு உழைப்பு சொல்ல வந்ததே இந்த ஒன்றைத்தான்.

வாரியத்தின் பொறியாளர் ஒரு நாள் ஆளனுப்பி, மேலேயிருந்து படமெடுத்து, கீழ்வரிசையில் புள்ளிகளை எண்ணச் சொன்னார். செத்ததும் அலை கொண்டுபோனதும் போக நூறு புள்ளிகள் இருந்தன. பத்தொன்பது ரோஸ், எண்பத்தொன்று நீலம். "கீழ்வரிசையில் இருப்பவை பெரும்பாலும் ஆண்களே. பெண் சிப்பிகள் பத்தொன்பதை மட்டும் வேறிடத்துக்கு மாற்றினால் போதும்" என்று அறிக்கை கொடுத்துவிட்டார். ஆதாரம்: ஆய்வு நிலையமே வைத்த நிறக் குறிகள்.

சொந்தச் செலவில் சூனியம் என்பார்கள். அவள் நகப்பூச்சுச் செலவில் வைத்துக்கொண்டாள்.

சுவர் விவகாரத்தை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை அமர்த்தியிருந்தார்கள். வியாழக்கிழமை காலை, கடல் உள்வாங்கும் நேரத்தில், பாறையிலேயே வந்து பார்க்கிறேன் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை மதியம் நிலையத் தலைமை அதிகாரி சிப்பிக்காரியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜை முழுக்க பாட்டில்களில் புழுக்கள். நடுவில் டீக்கோப்பை ஒன்று தைரியமாக உட்கார்ந்திருந்தது.

"எண்பத்தோரு புள்ளி. காலைல ரெண்டு மணி நேர வேலை" என்றார் தலைமை அதிகாரி.

"என்ன வேலை மேடம்?"

"ரோஸ் பூசிடு. பதிவேட்டுல அதுல அறுபத்தாறு பொண்ணுன்னு நீதான எழுதியிருக்க? புள்ளியும் அதையே சொல்லட்டும். இதுல என்னம்மா பொய் இருக்கு?"

"பொய்யில்ல மேடம். ஆனா..."

"என்ன ஆனா? பழைய ரெக்கார்டைத் திருத்துறது தப்புன்னு நீ சொன்னா நான் எங்க போய் முட்டிக்கிறது?"

பதினொரு முறை அலுவலகப் படி ஏறியவளிடம் கேட்கக்கூடிய நல்ல கேள்விதான். பத்தாவது முறை போனபோது அங்கே இருந்த எழுத்தர், பேரேட்டை எடுத்து, அளவுகோலை வைத்து, பழைய பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார். கோடு அவ்வளவு மெல்லியது, அவ்வளவு நேர்த்தியானது. அடியில் இருந்த பெயர் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. "கொஞ்சம் கெட்டியா அடிங்க சார், தெரியக் கூடாது" என்று கெஞ்சினாள். "தெரியணும்மா, அதான் ரூல்" என்றார் அவர். பதினொன்றாவது முறை போனதே அந்தக் கோட்டுக்காகத்தான். வென்றும் வந்தாள். அந்த வரியில் இப்போது கறுப்புப் பட்டை.

அன்று மாலை சமையலறையில் கிரேன்காரி முழங்கை வரை சோப்பு போட்டு கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பூசிட்டு வாயேன். உனக்குன்னா பதினொரு தடவை. அதுங்களுக்கு ஒரு பாட்டில்" என்றாள்.

"ரெண்டும் ஒண்ணுங்கிறியா?"

"நான் எங்க சொன்னேன்? வருஷா வருஷம் மைக் புடிச்சு நீதான சொல்ற."

சிப்பிக்காரி தட்டுகளைத் துடைத்தாள். ஏற்கனவே துடைத்து வைத்த தட்டுகள்.

புதன்கிழமை விடிந்ததும் பாறைக்குப் போனாள். பையில் புது ரோஸ் புட்டி. முதலில் எதைப் பூசுவது என்பதில் குழப்பமே இல்லை: நாற்பத்தேழாம் எண். கீழ்வரிசையிலேயே பெரியது அதுதான். குண்டு அத்தை ஒருத்தி நாற்காலி நிறைய உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். போன ஆண்டு துளி எடுத்தபோது அதற்கு மட்டும் பருவம் முடிந்திருந்ததால் ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. 'தெரியவில்லை' என்றே எழுதியிருந்தாள். ஆனால் இவ்வளவு பெரிய உடம்பு வேறென்னவாக இருக்க முடியும்? ஓட்டைத் துணியால் ஒற்றி, ஊதிக் காயவைத்து, நீலத்தின் மேல் ரோஸை வைத்தாள்.

ரோஸ் வரவில்லை. நீலம் அடியிலிருந்து கலந்துகொண்டு புள்ளி ஊதாவாகிவிட்டது.

அடுத்த சிப்பிக்குப் போன கை பாதியில் நின்றது. இந்த எண்பத்தொன்றையும் மூடிவிட்டால் என்ன மிஞ்சும்? கீழ்வரிசை நிறையப் பெண்கள். எப்போதும் பெண்களாகவே இருந்தவர்கள். அப்படியானால் பொறியாளர் எல்லாவற்றையும் வாளியில் அள்ளி வேறு பாறையில் கொண்டுபோய் ஒட்டலாமே? சின்ன ஆண்கள் இந்த இடத்தில் தின்று பெருத்துப் பெண்ணாகின்றன, ஆகவே இந்த இடம் வேண்டும் என்பதல்லவா விஷயம்? அதற்கு இருக்கும் ஒரே கண்கூடான சாட்சி அந்த நீலம்தான். தன் பேரேட்டில் எதை மூடச் சொல்லிக் கெஞ்சினாளோ, அதையே இங்கே மூடாமல் காப்பாற்ற வேண்டியிருந்தது. இது அவளுக்குப் பிடிக்கவே இல்லை. மூடியைத் திருகிப் பையில் போட்டாள்.

நாற்பத்தேழின் ஊதாவை எடுத்துவிடலாம் என்று பார்த்தாள். நகப்பூச்சு நீக்கியை ஊற்றினால் சிப்பி செத்துப்போகும். நகத்தால் சுரண்டினாள். வரவில்லை. கடைக்காரம்மா 'ஒட்டினா ஒட்டினதுதான்' என்று சொல்லித்தான் கொடுத்திருந்தாள்.

வியாழக்கிழமை காலை எல்லோரும் பாறையில் இருந்தார்கள். நீதிபதியம்மா கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு, ரப்பர் செருப்போடு, கைத்தடி ஊன்றி நின்றார். பொறியாளர் பளபளக்கும் தோல் ஷூவோடு வந்திருந்தார்; ஒவ்வொரு அடியும் வைப்பதற்கு முன் பாறையிடம் அனுமதி கேட்பதுபோல நின்று நின்று வந்தார். தலைமை அதிகாரி பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். விடுப்பு எடுத்துக்கொண்டு வந்த கிரேன்காரி படிக்கட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

"புள்ளி ஒண்ணு சொல்லுது, புத்தகம் ஒண்ணு சொல்லுது" என்று தொடங்கினார் பொறியாளர். "புள்ளி பாறையில எல்லார் கண்ணுக்கும் தெரியுது. புத்தகத்துல எப்ப வேணும்னாலும் எழுதிக்கலாமே?"

நீதிபதியம்மா குனிந்து புள்ளிகளைப் பார்த்தார். "நிறத்த யார் முடிவு பண்ணது?"

"நான்தாங்கம்மா" என்றாள் சிப்பிக்காரி.

"ஆணுக்கு நீலம், பொண்ணுக்கு ரோஸ்."

"ஆமாங்க."

"ஏன்?"

"யோசிக்கலங்க."

"நீங்களா யோசிக்கல?"

"நானேதாங்க."

படிக்கட்டிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. கிரேன்காரிக்குச் சின்னதாகச் சிரிக்கத் தெரியாது.

சிப்பி ஆணாகத் தொடங்கிப் பெண்ணாகும் கதையைச் சிப்பிக்காரி சுருக்கமாகச் சொன்னாள். பொறியாளர் கவனமாகக் கேட்டார். கெட்ட மனுஷர் இல்லை; விஷயத்தைப் பிடித்துக்கொண்டதைக் காட்டிக்கொள்ள ஆசைப்படும் மனுஷர். முகம் மலர, "ஓ, அப்போ இதுவும் உங்கள மாதிரின்னு சொல்லுங்க" என்றார்.

தலைமை அதிகாரி பதிவேட்டை இன்னும் இறுக்கிக்கொண்டார். நீதிபதியம்மா கைத்தடியின் நுனியைப் பார்த்தார். ஆண்டுதோறும் கைதட்டல் வாங்கிய வாக்கியம் அடுத்தவர் வாயிலிருந்து வரும்போது எப்படி இருக்கும் என்று சிப்பிக்காரி அன்றுதான் கேட்டாள்.

"இல்லீங்க" என்றாள். "இதுங்க அன்னிக்கு ஆண்தான். நீலம் அன்னிக்கு சரி. அப்புறம் மாறிச்சு. என் விஷயத்துல அன்னிக்கே பெயின்ட் தப்பு. நான் மாறல, பெயின்டைத்தான் மாத்தினேன். ரெண்டையும் போட்டுக் கலக்காதீங்க."

சொல்லி முடித்தபோதுதான் உறைத்தது. பதினெட்டுப் பக்கக் கடிதத்திலிருந்து போன ஆண்டு பாறை நடை வரை, போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தது யார்? பொறியாளர் பாவம், நேற்றுச் சேர்ந்த மாணவர்.

"மன்னிச்சுக்கங்க" என்றார் அவர், உண்மையாகவே.

"பரவால்லங்க. நானும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன்."

பேச்சை மாற்றுவதற்காகவே பொறியாளர் அவசரமாகக் கீழே பார்த்தார். பார்த்தது சரியாக நாற்பத்தேழை. "இது என்ன நிறம்? ஊதாவா? ஊதா எதுக்கு?"

தலைமை அதிகாரி கடலைப் பார்க்கத் திரும்பினார். கடலில் அப்படியொன்றும் இல்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் திறக்காவிட்டாலும் கெடுதல்தான். திறந்தே கெடலாம் என்று முடிவு செய்தாள். "நேத்து காலைல நான் பூசினதுங்க. நீலத்து மேல ரோஸ். எல்லாத்தையும் பூசி மாத்திரலாம்னு வந்தேன். ஒண்ணோட நிறுத்திட்டேன்."

"பார்த்தீங்களா?" என்றார் பொறியாளர், குரல் ஏறி. "ஆதாரத்தையே மாத்தியிருக்காங்க! இதுக்கப்புறம் அந்தப் புத்தகத்த எப்படிம்மா நம்புறது?"

கேள்வி நியாயமானது. ஐந்து ஆண்டுகள், முந்நூறு வரிகள், முழங்காலில் ஆறாத தழும்புகள், கீழ்வரிசை முழுவதும், எல்லாம் அந்த ஒரு புள்ளியில் தொங்கிக்கொண்டிருந்தன.

"ஒண்ணோட ஏன் நிறுத்தினீங்க?" என்று கேட்டார் நீதிபதியம்மா.

"பழைய புள்ளி தெரியணும்னு தோணுச்சுங்க. இதுல மட்டும்" என்றாள் அவள்.

நீதிபதியம்மா கடிகாரத்தைப் பார்த்தார். கடல் திரும்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. "பத்து நீலத்த எடுத்துப் பாருங்க. எதுன்னு அவர் கை காட்டட்டும். புத்தகத்துல என்ன எழுதியிருக்குன்னு முன்னாடியே உரக்கப் படிங்க, அப்புறம் ஊசி. அந்த ஊதாவும் அதுல ஒண்ணு."

முறை எளிது. மெல்லிய தகட்டைச் சட்டென்று அடியில் செருகிச் சிப்பியைப் பெயர்க்க வேண்டும். அது சுதாரித்துக்கொண்டால் சுத்தியல் கொண்டு வந்தாலும் வராது. திருப்பி, ஊசியால் ஒரு துளி எடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்து, கைலென்ஸில் பார்க்கலாம். பால் மாதிரி வெள்ளையாகப் பரவினால் ஆண். பச்சையும் பழுப்புமாய் மணிமணியாக இருந்தால் முட்டை. பார்த்ததும் அதே இடத்தில், அதே வாக்கில் வைத்துவிட வேண்டும். அதன் ஓட்டு விளிம்பு அந்தப் பாறையின் மேடுபள்ளத்துக்கே தேய்ந்திருக்கும்.

பொறியாளர் முதலில் கை காட்டியது பன்னிரண்டாம் எண். "பெண், மூணு வருஷமா" என்று தலைமை அதிகாரி படித்தார். துளி வந்தது. மணிமணியாக. நீதிபதியம்மா லென்ஸைக் கண்ணோடு ஒட்டி நெடுநேரம் பார்த்துவிட்டுப் பொறியாளரிடம் கொடுத்தார்.

இரண்டாவதும் முட்டை. மூன்றாவதில் ஊசியில் தண்ணீர் மட்டும் வந்தது.

"இது என்ன?" என்றார் பொறியாளர்.

"இப்போதைக்கு எதுவும் இல்லீங்க. முட்டை போட்டு முடிச்சிருக்கும், இல்லாட்டி மத்தது. அடுத்த பருவத்துலதான் தெரியும்."

"அதெப்படி எதுவும் இல்லாம இருக்கும்?"

"ஏங்க, அதுக்கு என்ன அவசரம்?" என்று படிக்கட்டிலிருந்து கிரேன்காரி குரல் கொடுத்தாள். நீதிபதியம்மா தடியைத் தூக்கிக் காட்டி அவளை அடக்கினார். உதட்டோரம் மட்டும் அடங்கவில்லை.

ஒன்பது முடிந்தபோது ஏழு பெண், இரண்டு தெரியவில்லை. தெரிந்த ஏழில் புத்தகத்தோடு ஒன்றுகூட மாறுபடவில்லை. பொறியாளர் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். லென்ஸைக் கேட்காமலே வாங்கிப் பார்க்கும் அளவுக்கு வந்திருந்தார்.

கடைசியாக நாற்பத்தேழு. "போன வருஷம், தெரியவில்லை" என்று படித்தார் தலைமை அதிகாரி. சிப்பிக்காரி தகட்டைச் செருகினாள். குண்டு அத்தை உள்ளங்கை நிறைய வந்து உட்கார்ந்தது. ஊசியைக் குத்தி, துளியைச் சில்லில் விட்டாள். லென்ஸ் தேவைப்படவில்லை. பால்.

வெள்ளை வெளேரென்று, கொஞ்சம்கூட வெட்கமில்லாமல், பால்.

"ஆண்" என்றார் பொறியாளர், தனக்குள் சொல்வதுபோல.

"ஆண்தாங்க" என்றாள் அவள்.

எண்பத்தொன்றில் அவள் ரோஸ் பூசியது ஒன்றே ஒன்று. உடம்பைப் பார்த்து, இப்படித்தான் இருக்கும் என்று தானே முடிவு செய்து, கேட்காமல் பூசிய ஒன்று. ஆயுள் முழுக்க எவரிடமெல்லாம் சண்டை போட்டாளோ அவர்கள் எல்லோரும் செய்த வேலையை, சுத்தமாக, தூரிகை பிடித்துச் செய்திருக்கிறாள். சிரிப்பு அவளுக்குத்தான் முதலில் வந்தது. பிறகு படிக்கட்டு சிரித்தது. தலைமை அதிகாரி சிரிக்கலாமா என்று நீதிபதியம்மாவைப் பார்த்தார். அங்கே ஏற்கனவே தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நீதிபதியம்மா சொன்னார்: "ஏமாத்த வந்தவங்க இவ்வளவு மோசமா ஏமாத்த மாட்டாங்க." பிறகு குரலை மாற்றிக்கொண்டார். "புள்ளிய வச்சு எண்ணின அறிக்கை செல்லாது. அடுத்த பருவத்துல வாரியத்து ஆளும் நிலையத்து ஆளும் சேர்ந்து ஒவ்வொண்ணா பாருங்க. அதுவரைக்கும் இந்த வரிசைல ஒரு கல்லு இறங்கக் கூடாது. அதுக்கப்புறம் என்னன்னு அப்ப பார்ப்போம்." சிப்பிக்காரியின் பக்கம் திரும்பினார். "நீங்க அந்த ஊதாவுக்கு எழுத்துல விளக்கம் குடுக்கணும். முழுசா. நிலையத்துல இனி நிறம் வைக்கிற வேலை உங்களுக்கு வேணாம்."

"சரிங்கம்மா" என்றாள். ஓர் ஆண்டு கிடைத்திருக்கிறது. ஓர் ஆண்டு மட்டும்தான் கிடைத்திருக்கிறது.

கடல் திரும்பியிருந்தது. பாறை இடுக்குகளில் தண்ணீர் சத்தமில்லாமல் நிறைய, நீதிபதியம்மாவை அழைத்துக்கொண்டு எல்லோரும் படிக்கட்டுக்கு நடந்தார்கள். பேச்சு மும்முரத்தில் நாற்பத்தேழு இன்னும் அவள் கையிலேயே இருந்தது. வெயிலில் நெடுநேரம் இருந்துவிட்டது. அவசரமாக அதன் இடத்தைத் தேடி, விளிம்பைப் பொருத்தி, கட்டைவிரலால் அழுத்தினாள். கையை எடுத்தால் வழுக்கியது. மறுபடி பொருத்தினாள். முதல் அலை முழங்காலைத் தாண்டியது.

"ஏய், மேல வாடி!" என்று கத்தினாள் கிரேன்காரி.

"இரு, பிடிக்கல இன்னும்."

பின்னால் தண்ணீரில் கால் வைக்கும் சத்தம் கேட்டது. பொறியாளர். ஷூவைப் படியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். "பை நனையுது" என்று சொல்லி அவளுடைய பையைத் தூக்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு குனிந்து பார்த்தார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"சொல்ல முடியாதுங்க. ரொம்ப நேரம் வெளிய வச்சிட்டேன்."

இரண்டாவது அலை இடுப்புக்கு வந்து பின்வாங்கியது. விரலடியில் ஓடு மெல்ல அசைந்தது. பிடிக்கிறதா வழுக்குகிறதா என்று புரியவில்லை. அவள் விரலை எடுக்கவில்லை. பொறியாளர் ஒரு கையால் பையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த அலை பெரிதாக வந்துகொண்டிருந்தது.